கிராமத்துக்கு ஒரு கால்நடை மருத்துவர்

வெளியூர்களிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் வருகிறவர்களில் பலர் மாட்டுத்தாவணியில் இறங்குகிறார்கள். அந்தப் பெயரை நாள்தோறும் சொல்கிறோம். அதன் பொருளை நினைத்துப் பார்ப்பவர் சிலரே. தாவணி என்றால் மாட்டுச் சந்தை. மாடுகள் கைமாறிய இடத்தில் இன்று மனிதர்கள் பேருந்து மாறுகிறார்கள். பெயர் மட்டும் பழைய கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

சந்தை இடம் மாறினாலும் மதுரைச் சீமையின் வாழ்வு மாட்டை விட்டு விலகிவிடவில்லை. மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய் பாயும் நெல் வயல்களிலும், திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசலிலும், உசிலம்பட்டியைச் சுற்றிய மானாவாரி நிலங்களிலும், வீட்டுக்கு வீடு ஒரு பசுவோ நான்கு ஆடுகளோ இருக்கின்றன. மழை பொய்த்த ஆண்டில் நிலம் கைவிட்டுவிடும். அப்போது பள்ளிக் கட்டணத்துக்கும் வைத்தியச் செலவுக்கும் கை கொடுப்பவை அந்தப் பசுவும் ஆடுகளுந்தாம். அவற்றுக்கு நோய் வந்தால் யார் பார்ப்பது? அந்த மருத்துவரைக் கிராமத்துக்குக் கொண்டு வருவதற்கு அரசாங்கம் கொடுக்கும் கடன் எந்த அளவுக்கு உதவும்? இன்று உங்களோடு பேச விரும்புவது இதைப் பற்றியே.

மாணவ நண்பர்களே! நான் பொருளாதாரம் கற்பிக்கிறவன், கால்நடை மருத்துவனல்லன். இந்தப் பொருளில் எனக்கு அக்கறை பிறந்ததற்குக் காரணம் ஒரு பசு.

1986-ஆம் ஆண்டு. நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே உள்ள ஒரு கரிசல் கிராமம். அந்நாளில் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் என்ற ஒன்று நாடெங்கும் நடைபெற்றது. ஏழைக் குடும்பங்களுக்கு வங்கி கடன் கொடுக்கும். அதில் ஒரு பங்கை அரசாங்கம் மானியமாகக் கொடுக்கும். சிறு விவசாயிக்கு நான்கில் ஒரு பங்கு, குறு விவசாயிக்கு மூன்றில் ஒரு பங்கு, பழங்குடி மக்களுக்குப் பாதி என்பது அதன் கணக்கு. எங்கள் அப்பத்தா குறு விவசாயி. அவளுக்குக் கலப்பினப் பசு ஒன்று கிடைத்தது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. வேளைக்கு நான்கு லிட்டர் கறந்தது. எங்கள் ஊரில் அதற்குமுன் அவ்வளவு பாலை ஒரு மடியில் கண்டவர் இல்லை.

அந்தப் பசு எங்கள் வீட்டில் இரண்டாவது கன்றை ஈன்ற மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. கழுத்தை ஒருபுறமாக மடக்கி, தலையை விலாவின்மேல் சாய்த்துக்கொண்டு கிடந்தது. காது சில்லிட்டிருந்தது. கண்ணேறு என்றார் ஒருவர். சூடு போடச் சொன்னார் மற்றொருவர். சித்தப்பா மிதிவண்டியை எடுத்துக்கொண்டு ஒன்பது மைல் தொலைவில் இருந்த மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார். மருத்துவர் அங்கே இல்லை. வேறொரு கிராமத்தில் தடுப்பூசி போடப் போயிருந்தார். அதுவும் அவருடைய வேலையே. அவர் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது மறுநாள் காலை. பசு இரவே இறந்துவிட்டது.

"நேற்று ஒரு புட்டி கால்சியம் ஏற்றியிருந்தால் இது எழுந்து நின்றிருக்குமே" என்று அவர் வருத்தத்தோடு சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பசுவை அவர் காப்பாற்ற முடியவில்லை; இறந்தது என்று சான்று எழுதிக் கொடுக்க முடிந்தது. காப்பீட்டுக்காகக் காதில் மாட்டிய வில்லை எப்போதோ கழன்று விழுந்திருந்தது. ஆகவே காப்பீட்டுப் பணம் வரவில்லை. பசு போயிற்று, கடன் போகவில்லை. மூன்று ஆண்டுகள் ஆடு விற்றும் கூலி வேலை செய்தும் அப்பத்தா அதை அடைத்தாள். "மாடு வாங்கக் காசு குடுத்தாக, மாட்டப் பாக்க ஆளு குடுக்கலியேப்பா" என்று அவள் சொன்ன ஒரு வாக்கியம், நான் பிற்காலத்தில் படித்த பல பொருளாதார நூல்களைவிட எனக்கு அதிகம் கற்பித்தது.

அந்தப் பசுவுக்கு வந்த நோய்க்குப் பால் காய்ச்சல் என்று பெயர். பெயர்தான் காய்ச்சல், உண்மையில் உடல் குளிர்ந்துவிடும். கன்று ஈன்றவுடன் சீம்பாலுக்காக இரத்தத்திலுள்ள கால்சியம் மிகுதியாக மடிக்குப் போய்விடுகிறது. எலும்பிலிருந்தும் தீனியிலிருந்தும் அதை ஈடுசெய்ய உடலுக்குச் சிறிது காலம் வேண்டும். அதற்குள் இரத்தத்தில் அளவு குறைந்துபோனால் தசைகள் செயலிழக்கின்றன. பசு படுத்துவிடுகிறது, வயிறு உப்புகிறது, நினைவு தப்புகிறது. பெரும்பாலும் ஈன்ற மூன்று நாள்களுக்குள் இது வரும். நிறையக் கறக்கும் பசுவுக்கே, அதிலும் மூன்றாவது ஈற்றுக்கு மேற்பட்டே, அதிகமாக வரும்.

மருந்து எளியது. கால்சியம் போரோகுளுக்கோனேட் என்ற திரவத்தை இரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும். கிடந்த பசு பல நேரங்களில் ஓரிரு மணி நேரத்திலேயே எழுந்து நிற்கும். பார்த்தவர்கள் மாயம் என்பார்கள். ஆனால் அதை விரைவாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெல்ல மெல்ல ஏற்றத் தெரிந்த கை வேண்டும். மருந்து மலிவு, அருமையானது அந்தக் கை. அதுவும் நேரத்துக்கு வரவேண்டும். கன்று குறுக்கே சிக்கிக்கொண்டாலும் வயிற்று உப்புசம் கண்டாலும் கணக்கு மணிக்கணக்குத்தான். நாள் கணக்கு அன்று.

இனிச் சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம். இந்தியாவில் மாட்டுக்கு வரும் கொள்ளை நோய்களை ஆராய ஒரு குழு 1871-இல் அறிக்கை தந்தது. 1884-இல் விவசாயிகள் கடன் சட்டம் வந்தது. விதை வாங்கவும் மாடு வாங்கவும் அரசாங்கமே உழவருக்குக் கடன் கொடுக்க அது வழி செய்தது. தக்காவிக் கடன் என்று நம் பாட்டன்மார் சொன்னது இதைத்தான். மாட்டுக்குக் கடன் கொடுக்கும் பழக்கம் நம் அரசாங்கத்துக்கு நூற்றுநாற்பது ஆண்டுப் பழக்கம் என்பதைக் கவனியுங்கள். மருத்துவரை உண்டாக்கும் கல்லூரியோ சென்னையில் 1903-ஆம் ஆண்டில்தான் தோன்றியது. 1936-இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டம் வழங்கலாயிற்று. 1932-இல் இராணிப்பேட்டையில் நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தொடங்கியது.

மருத்துவரும் மருந்தும் ஒழுங்காகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். வெக்கை நோய் என்ற பெயரை உங்களில் பலர் கேட்டே இருக்கமாட்டீர்கள். ஒரு காலத்தில் அது ஊருக்குள் நுழைந்தால் தொழுவங்கள் காலியாகிவிடும். 1954-இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. ஊர் ஊராக நடந்தும் மிதிவண்டியிலும் சென்று கோடிக்கணக்கான மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். 1995-க்குப் பிறகு இந்தியாவில் அந்நோய் காணப்படவில்லை. 2011-இல் உலகத்திலிருந்தே அது ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. மனிதன் அடியோடு ஒழித்த நோய்கள் இரண்டே இரண்டு. ஒன்று பெரியம்மை, மற்றொன்று மாட்டுக்கு வந்த இந்த வெக்கை நோய். இந்த வெற்றிக்காக உழைத்தவர்களுக்கு எந்த ஊரிலும் சிலை இல்லை. நீங்கள் அந்த நோயின் பெயரைக் கேட்டதில்லை என்பதே அவர்களுடைய நினைவுச் சின்னம்.

ஆனால் கொள்ளை நோய் வேறு. அப்பத்தாவின் பசுவுக்கு வந்த நோய் வேறு. முன்னதற்குப் படை திரட்டிப் போகலாம். நாள் குறித்துப் போகலாம். பின்னது நாள் குறித்து வருவதில்லை. அதற்கு அருகில் ஒருவர் இருக்க வேண்டும்.

எத்தனை பேர் இருக்க வேண்டும்? தேசிய வேளாண்மைக் குழு 1976-இல் தந்த அறிக்கையில், 2000-ஆம் ஆண்டுக்குள் ஐயாயிரம் மாடுகளுக்கு ஒரு மருத்துவர் என்ற நிலையை எட்ட வேண்டும் என்று சொன்னது. இதை நம் மாநிலத்துக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 95 லட்சம் மாடுகளும், 5 லட்சம் எருமைகளும், 99 லட்சம் வெள்ளாடுகளும், 45 லட்சம் செம்மறியாடுகளும் இருந்தன. பத்து ஆடுகளை ஒரு மாட்டுக்கு ஈடாக வைத்தால், மொத்தம் ஏறக்குறைய 114 லட்சம் மாடுகள் என்று ஆகிறது. ஐயாயிரத்தால் வகுத்தால் சுமார் 2,300 மருத்துவர் வேண்டும். கோழிகளை நான் இதில் சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கிலே ஒரு பொறி இருக்கிறது. ஒரு மருத்துவர் நாளைக்கு இருபது மாடுகளைப் பார்த்தாலும், ஐயாயிரத்தையும் ஒருமுறை பார்த்து முடிக்க 250 நாள் ஆகும். அது மட்டுமன்று. சராசரி என்பது தூரத்தை மறைத்துவிடும். ஐந்தடி ஆழமுள்ள குளத்தில், சராசரி ஆழம் மூன்றடிதானே என்று இறங்கி மூழ்கியவன் கதையை நீங்கள் அறிவீர்கள். மாநிலம் முழுவதற்கும் போதிய மருத்துவர் இருந்தாலும், நகரத்திலே நாய்க்கும் பூனைக்கும் மருத்துவம் பார்ப்போரும், கோழிப் பண்ணை நிறுவனங்களில் வேலை செய்வோரும், எல்லா மாவட்டத்து மருத்துவரும் அதே கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். பேரையூரில் கிடக்கும் பசுவுக்கு மாநிலச் சராசரியால் ஆவதென்ன? பற்றாக்குறை என்பது தலைகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. இடத்திலும் நேரத்திலும் இருக்கிறது.

மருத்துவர் ஏன் கிராமத்தில் தங்குவதில்லை? அவர்களுக்குத் தியாக உணர்வு இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பொருளாதாரம் படித்தவன் அப்படிச் சொல்லலாகாது. பட்டம் பெற ஐந்தரை ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் ஓராண்டு நேரடிப் பயிற்சி. படித்து முடித்த இளைஞன் கிராமத்தில் தொழில் தொடங்க வேண்டுமானால் இடமும், கருவிகளும், மருந்தைக் குளிரில் வைக்கும் பெட்டியும், ஒரு வண்டியும் வேண்டும். நகரத்திலோ நாயைக் கொண்டுவருபவர் தம் வண்டியில் கொண்டுவருவார். கேட்ட கட்டணத்தைத் தருவார். கிராமத்தில் மருத்துவரே மாட்டைத் தேடிப் போகவேண்டும். ஒரு மாட்டுக்கும் அடுத்த மாட்டுக்கும் இடையில் எட்டு மைல் இருக்கும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. செல்வம் மிகுந்த அமெரிக்காவிலும் இது உண்டு. அங்கே கால்நடை மருத்துவப் படிப்புக்கு ஆகும் செலவு மிகப் பெரிது. பலர் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடனோடுதான் கல்லூரியை விட்டு வெளியே வருகிறார்கள். அந்தக் கடன் அவர்களை நகரத்துக்குத் துரத்துகிறது. கேன்சஸ் என்ற மாநிலம் 2006-இல் ஓர் உபாயம் கண்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு ஐந்து மாணவர் வரையில் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் வீதம் நான்கு ஆண்டுகள் அம்மாநிலம் கடன் கொடுத்தது. படித்தபின் மக்கள்தொகை குறைந்த ஊர்ப்புற வட்டாரத்தில் ஓராண்டு பணி செய்தால் ஓராண்டுக் கடன் தள்ளுபடி. நான்காண்டு செய்தால் முழுதும் தள்ளுபடி. வாக்குத் தவறினால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். நகரத்துக்குத் துரத்திய அதே கடனைக் கிராமத்துக்கு அழைக்கும் தூதாக மாற்றிவிட்டார்கள்!

அமெரிக்க மத்திய அரசாங்கமும் 2003-இல் இதற்கெனச் சட்டம் செய்து, 2010 முதல் பழைய படிப்புக் கடனை அடைக்க உதவி வருகிறது. தொடக்கத்தில் அது ஆண்டுக்கு 25,000 டாலர் வரையில், மூன்றாண்டுப் பணிக்கு என்று வைத்திருந்தார்கள். அங்கே நான் மெச்சுவது பணத்தையன்று. எந்த வட்டாரத்தில் மருத்துவர் இல்லை என்பதை ஒவ்வொரு மாநிலத்துக் கால்நடை அதிகாரியும் முன்கூட்டியே குறித்துக் கொடுக்க வேண்டும். அங்கே போகிறவருக்கே உதவி. சராசரியை நம்பாமல் இடத்தைக் குறிக்கும் இந்த முறை நாம் கற்றுக்கொள்ளத் தக்கது.

அப்படியானால் கேன்சஸ் திட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவரலாமா? அவசரப்படக் கூடாது. நம் கல்லூரிகள் அரசாங்கக் கல்லூரிகள்; கட்டணம் குறைவு. கால்நடை மருத்துவத்துக்கென்று 1989-இல் சென்னையில் தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது. 1985-இல் நாமக்கல்லிலும், 2012-இல் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும், அதன்பின் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் ஏற்பட்டன. மதுரைப் பிள்ளைகள் பக்கத்துத் தேனியிலேயே இன்று படிக்கலாம். எனவே படிப்புக் கடன் நம் இளைஞரை அவ்வளவு அழுத்தவில்லை. தொழில் தொடங்கும் முதலே அவர்களுக்கு இல்லாதது. நோய் வேறானால் மருந்தும் வேறாக வேண்டும் அல்லவா?

அந்த மருந்து நம்மிடம் ஓரளவு இருக்கிறது. 2002-இல் மத்திய அரசாங்கம் வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெயரில் வேளாண்மை இருந்தாலும் கால்நடை மருத்துவப் பட்டதாரிக்கும் அதில் இடம் உண்டு. ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் பயிற்சியைக் கவனிக்கும். வங்கி கடன் கொடுக்கும். நபார்டு வங்கியின் வழியாக மானியம் வரும். 2010-இல் திருத்திய விதிகளின்படி தனி ஒருவருக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான முதலீட்டுக்கு மானியம் உண்டு. பொதுவாக 36 விழுக்காடு, பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் 44 விழுக்காடு.

ஓர் உதாரணம் பாருங்கள். உசிலம்பட்டிப் பக்கத்தில் ஓர் இளைஞர் 10 லட்சம் ரூபாயில் கால்நடை மருந்தகம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மானியம் 3,60,000 ரூபாய். இது அவர் கையில் தரப்படுவதில்லை. வங்கியில் தனிக் கணக்கில் இருக்கும். அந்தப் பகுதிக்கு வட்டி இல்லை. மற்றக் கடனை ஒழுங்காக அடைத்த பின்பு கடைசியில் இது வரவு வைக்கப்படும். மானியத்தை வாங்கிக்கொண்டு கடையை மூடிவிட்டுப் போகாதபடி செய்த ஏற்பாடு இது. மீதி 6,40,000 ரூபாய். எட்டு ஆண்டுகளில் அடைத்தால், வட்டி நீங்கலாக ஆண்டுக்கு 80,000 ரூபாய். ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தால் நாளொன்றுக்கு 270 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இதன்மேல் வட்டி, பெட்ரோல், மருந்து, உதவியாளர் சம்பளம், அவருடைய குடும்பச் செலவு. சுற்றிலும் கறவை மாடுகள் நிறைந்து, பால் கூட்டுறவுச் சங்கமும் நன்றாக நடக்கும் ஊரானால் இது கட்டுப்படியாகும்.

கட்டுப்படியாகாத ஊரும் உண்டு. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கணவனை இழந்த ஒருத்தி ஐந்து வெள்ளாடுகளை வைத்துப் பிழைக்கிறாள். ஆட்டுக்கொல்லி நோய் வந்தால் அவள் எவ்வளவு கட்டணம் தருவாள்? கடன் வாங்கிய மருத்துவர் அவளிடம் வாங்காமல் போனால் வங்கிக்கு எதைக் கட்டுவார்? கடன் என்பது கட்டணம் தரக்கூடியவர் இருக்கும் இடத்துக்கே மருத்துவரைக் கொண்டுபோகும். அதற்கு அப்பால் அரசாங்க மருந்தகந்தான் போக வேண்டும். தடுப்பூசியையும் அதனிடமே விட வேண்டும்; என் ஆட்டுக்கு ஊசி போட்டால் அடுத்த வீட்டு ஆட்டுக்கும் அது காப்பு. அந்த நன்மைக்குத் தனி ஒருவரிடம் கட்டணம் கேட்பது எங்ஙனம்? இப்போது 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும் ஏற்பாடும் இருக்கிறது. அன்று எங்கள் சித்தப்பா மிதித்த ஒன்பது மைலை இன்று அந்த ஊர்தி கடக்கலாம். எனினும் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இரண்டு பசுக்கள் விழுந்தால், ஊர்தி ஓர் ஊருக்குத்தான் போகும். ஆகையால் அரசாங்க மருந்தகம், ஊர்தி, கடன் பெற்றுத் தொழில் செய்யும் மருத்துவர் ஆகிய மூன்றும் ஒன்றற்கு ஒன்று துணையாக வேண்டும். ஒன்று இருப்பதைக் காட்டி மற்றொன்றை நிறுத்துவது பெருந்தவறு.

இடம் காலியாக இருந்தால் அது காலியாகவே இராது என்பதையும் நினைவில் வையுங்கள். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டத்தின்படி, பதிவு பெற்றவரே மருத்துவம் செய்யலாம். சில சிறு உதவிகளை மட்டும் அவருடைய மேற்பார்வையில் மற்றவர் செய்யலாம். ஆனால் மருத்துவர் இல்லாத ஊரில் பையில் ஊசியோடு யாராவது ஒருவர் வந்துவிடுவார். அளவு தெரியாமல் போட்ட நோய்க்கிருமிக் கொல்லி பாலில் கலந்து, அந்தப் பால் மதுரை நகரத்துத் தேநீர்க் கடைக்கு வருகிறது. கிராமத்துப் பசுவின் நோய் நமக்கென்ன என்று நகரத்தில் இருப்பவர் சொல்ல முடியாது.

தை மாதத்தில் அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் காளைகள் வரிசையாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். வாடிவாசலுக்குப் போகுமுன் ஒவ்வொரு காளையையும் கால்நடை மருத்துவர்கள் பரிசோதிக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு, வேண்டிய ஏற்பாடு. அவ்விழாவுக்குத் தேவை என்று நாம் ஒப்புக்கொண்ட கவனிப்பு, பெயரும் பரிசும் இல்லாத ஒரு கறவைப் பசுவுக்குப் புரட்டாசி மாதத்து நள்ளிரவில் கிடைக்க வேண்டும். மதுரைச் சீமையின் பெருமையை நான் அதிலேதான் அளப்பேன்.

உங்களில் சிலர் அறிவியல் படிக்கிறீர்கள். கால்நடை மருத்துவம் என்றால் இரண்டாந்தரம் என்று எண்ண வேண்டாம். சிலர் வணிகவியல் படித்து வங்கிக்குப் போவீர்கள். பசு வாங்கக் கடன் கேட்டு ஒரு கிழவி உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பாள். விண்ணப்பத்தில் நிலமும் சாட்சியும் எழுத இடம் இருக்கும். அவளிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "பாட்டி, உங்கள் ஊருக்கு மாட்டு டாக்டர் எவ்வளவு தூரம்?" அந்தத் தூரம் அதிகமானால், அவளுக்குக் கொடுக்கும் கடனோடு கூட, அவள் ஊருக்குப் போக விரும்பும் ஒரு மருத்துவருக்குக் கொடுக்க வேண்டிய கடனையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒரே கடனின் இரண்டு பாதிகள். எங்கள் அப்பத்தாவுக்குக் கிடைத்தது ஒரு பாதி மட்டுமே.